கொழுப்பெடுத்தவன்

நிறோஜன் எனக்குப் பெறாமகன் முறை. அவனுடைய தாய் யூலிற்றா என் சின்னம்மாவின் கடைசிப் பிள்ளை. சின்னம்மாவுக்குப் பெண்கள் நாலு, ஆண் ஒன்றே ஒன்று. அந்த ஆணைப் பற்றியும் பிறகு சொல்லவேண்டி வரும். முதலில் நிறோஜன்.

முல்லைத்தீவுக்குத் தெற்கே எங்கள் கரையில் அவனுக்கு வைத்த பேர் வேறு. கொழுப்பெடுத்தவன். முகத்துக்கு முன்னால் சொல்லமாட்டார்கள். காதில் விழுந்தாலும் அவன் கோபிக்கமாட்டான், சிரிப்பான். அந்தச் சிரிப்பையும் கொழுப்போடுதான் சேர்த்தார்கள்.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். பெரியவர்கள் வந்தால் எழும்பமாட்டான். செத்தவீட்டில் எல்லோரும் பாயில் இருக்க, இவன் வேலியோடு நிற்பான். கடற்கரையில் வயதானவர்கள் மணலில் குந்தியிருந்து கதைக்கும்போது, இவன் வள்ளத்து விளிம்பில் ஏறி அவர்களுடைய தலைக்கு மேலே இருப்பான். கையிலிருந்து சாவி விழுந்தால் குனிந்து எடுக்கமாட்டான். ஆராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நடையைச் சொல்லவே வேண்டாம். வயிறு முன்னுக்கு, நெஞ்சு நிமிர்ந்து, தோள் இரண்டு பக்கமும் ஆடி ஆடி, திருவிழாவுக்கு வந்த மேற்றிராணியார் மாதிரி.

எல்லாவற்றிலும் பெரியது கோவில். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி அடித்தால், கைப்பிள்ளைக்காரி முதல் சம்மாட்டி வரைக்கும் முழங்காலில் நிற்பார்கள். நிறோஜன் பின்கதவுப் பக்கத்தில் தூணோடு தூணாக நிற்பான். ஆண்டவருக்கே முழங்கால் மடக்காதவன் மனிசருக்கு எழும்புவானோ என்று கேட்டால், என்ன பதில் சொல்வது?

காலைப் பார்த்தாலும் ஒரு குறை தெரியாது. கெண்டைக்கால் இரண்டும் திரண்டு உருண்டு இருக்கும். கரைவலை இழுக்கிறவர்களுக்கும் அப்படிக் கால் இல்லை.

"உந்தக் காலை வைச்சுக்கொண்டு உவனுக்கு என்ன நோகுதாம்?" என்பார் அன்ரன்.

அன்ரன் எங்கள் கரையில் சம்மாட்டி. சொந்தமாக வள்ளங்களும் ஒரு கரைவலையும் உள்ள மனிதர். கெட்டவர் இல்லை. மரியாதை கொடுப்பார், கொடுத்ததைத் திரும்ப எதிர்பார்ப்பார். அவருக்கு ஒரே மகள், ஸ்ரெல்லா. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்.

நிறோஜன் முதலில் தொழிலுக்குப் போனவன்தான். இருபதைத் தாண்டியதும் கடலை விட்டான். என் வளவு மூலையில் பூவரசுக்குக் கீழே நாலு தகரம் போட்டு, வள்ளத்து என்ஜின் திருத்தத் தொடங்கினான். இரண்டு மீன்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, அதன் மேல் இருந்து வேலை செய்வான். கெட்டிக்காரன். சத்தத்தைக் கேட்டே என்ஜினின் வருத்தத்தை, எங்கே பழுதென்று, சொல்லிவிடுவான். ஒரு நாள் அன்ரன் தன்னுடைய என்ஜினோடு நேரே வந்தார். இவன் பெட்டியிலிருந்து எழும்பவில்லை.

"இருங்கோ அன்ரனண்ணை" என்றான்.

"இருக்கிறதுக்கு நீ ஆரடா சொல்ல, நிண்டெல்லோ சொல்லவேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் நேரே வருவதில்லை. என்ஜின் சாமான் எதுவும் ஸ்ரெல்லாவின் சைக்கிளில் வரும். கர்த்தர் ஒரு கதவைச் சாத்தி மறு கதவைத் திறந்த கதை அதுதான். அவள் பிளக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைத் துடைக்க அவனுக்கு ஒரு பின்னேரம் தேவைப்படும். நான் இந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டு, காணாத மாதிரி இருப்பேன்.

அவனுடைய கொழுப்பு என்னவென்று முதலில் கண்டது யூலிற்றா. கிணற்றடிப் பாசியில் அவன் சறுக்கி விழுந்தான். அவள் குசினியிலிருந்து ஓடி வந்தாள். அவன் கையைக் காட்டி அவளை மறித்துவிட்டு, தானாக எழும்பினான். எழும்பின விதத்தை அவள் அன்றுதான் கண்டாள். முதலில் நாலு காலில் நின்றான். பிறகு கையால் முழங்காலைப் பிடித்தான். பிறகு தொடை. பிறகு இடுப்பு. தென்னையில் ஏறுகிற மாதிரித் தன்னுடைய உடம்பிலேயே தான் ஏறி நிமிர்ந்தான்.

"எவ்வளவு காலமடா இப்பிடி?"

"கனகாலம்."

"ஏன் மோனை சொல்லேல்லை?"

"கொழுப்பெண்டு சொல்லட்டும் அம்மா. ஏலாதவன் எண்டு சொல்லாட்டிக் காணும்."

யூலிற்றா அன்று என்னிடம் வந்து, வாசலில் நின்றபடி அழுதாள்.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசை கரைகிறதற்கு இரத்தத்தில் அடையாளம் இருக்கிறது, யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பெரிய ஸ்கான் ஒன்று எடுக்கவேண்டும் என்று துண்டு தந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். பரந்தனில் இறங்கி யாழ்ப்பாண பஸ் மாறவேண்டும். அந்த பஸ்ஸின் படி உயரம். நிறோஜன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஆடி ஆடி ஏறினான். பின்னால் சனம் நெருக்கியது.

"மாப்பிள்ளை, ஏற மனமில்லையோ? பல்லக்கு ஒண்டு கொண்டுவரச் சொல்லட்டோ?" என்றான் கண்டக்டர்.

"பல்லக்கெண்டால் நல்லது. இந்த பஸ்ஸை விட வேகமாப் போகும்" என்றான் நிறோஜன். பஸ் முழுக்கச் சிரித்தது. யூலிற்றா மட்டும் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்கான் அறை வாசலில் ஒரு பொடியன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "உடம்பிலை இரும்பு ஏதும் கிடக்கோ? சன்னம், ஷெல் துண்டு? உள்ளை இருக்கிறது பெரிய காந்தம்."

"எனக்குத் தோளிலை ஒண்டு, இடுப்பிலை ஒண்டு" என்றாள் யூலிற்றா.

"உங்களை இல்லை அம்மா. தம்பியை."

தம்பிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. காற்சட்டைப் பொக்கற்றில்தான் இருந்தது: நட்டு, பிளக், சின்னச் சாவி. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தான். கடைசியாகக் கழுத்திலிருந்த அந்தோனியார் பதக்கத்தையும் கழற்றித் தந்தான். பிறகு உள்ளே போய், அசையாமல் படுத்துக் கிடந்தான். வெளியே வந்ததும் நான் கேட்டேன், பயமாக இருந்ததா என்று.

"பயமில்லைப் பெரியம்மா. சத்தம்தான். பிளக் பிழைச்ச என்ஜின் மாதிரி அடிச்சுக்கொண்டே கிடந்துது. இறங்கிப்போய்த் திருத்தவேணும் போல இருந்துது."

படத்தை விளங்கப்படுத்த இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். டொக்ரர் சுதாஜினி இளம் பெண். கதை மெதுவாக இருக்கும். கொம்பியூட்டரில் இரண்டு வட்டங்களைக் காட்டினா.

"இது தம்பியின்ரை ரெண்டு தொடையும். வாழைக்குத்தியைக் குறுக்கை வெட்டிப் பாக்கிற மாதிரி."

நிறோஜன் கிட்டப் போய்ப் பார்த்தான். "சூரைமீன் துண்டு மாதிரிக் கிடக்கு டொக்ரர்."

அவாவும் சிரித்தா. "ஓம், அப்பிடித்தான். நடுவிலை எலும்பு. கறுப்பாத் தெரியிறது தசை. இந்தா, இந்த வெள்ளை எல்லாம் கொழுப்பு. இஞ்சை இருக்கவேண்டியது தசை. ஆனா கொழுப்புத்தான் கனக்க இருக்கு."

யூலிற்றா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். "அப்பிடிச் சொல்லாதேங்கோ டொக்ரர். ஊர்ச்சனம் சொல்லும், அதுகளுக்குத் தெரியாது. நீங்கள் படிச்சனீங்கள். என்ரை பிள்ளை கொழுப்பெடுத்தவன் இல்லை."

டொக்ரர் விளங்காமல் என்னைப் பார்த்தா. நிறோஜன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டொக்ரர், எங்கடை ஊரிலை எனக்கு உந்த வருத்தத்தை எப்பவோ கண்டுபிடிச்சிட்டினம். படமும் எடுக்கேல்லை, ஒண்டும் எடுக்கேல்லை."

பிறகு அவா ஆறுதலாகச் சொன்னா. பிறப்போடு வருகிற தசை வருத்தம். தசை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, அந்த இடத்துக்குக் கொழுப்பு வரும். கெண்டைக்கால் திரண்டிருப்பது பெலத்தால் இல்லை. இது மெதுவாகப் போகிற வகை. தொடையின் உள்பக்கம் கயிறு மாதிரி ஓடுகிற ஒன்றிரண்டு தசை இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன, அவை மற்றதுகளை விடக் கனகாலம் தாக்குப்பிடிக்கும். அடுத்த வருடம் அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், வெள்ளை எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சொல்லலாம். இது தாய்வழியால் வருகிற வருத்தம் என்று சொல்லிவிட்டுக் கேட்டா:

"அம்மா, உங்கடை சகோதரங்களிலை ஆம்பிளையளுக்கு ஆருக்கும் கால் வருத்தம் இருந்ததோ?"

"ஒருத்தருக்கும் இல்லை டொக்ரர். எனக்கு ஒரு அண்ணர்தான். மரியநேசன். அவருக்கு ஒரு குறையும் இல்லை. துரை மாதிரி நெஞ்சை நிமித்தி நடந்தவர். அவரை ஊரிலை துரை எண்டுதான்..."

யூலிற்றா அதோடு நின்றுவிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

மரியநேசன் அண்ணரின் நடை எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அவருக்கும் திரண்ட கால். அவரும் பாயில் இருக்கமாட்டார். கடற்பக்கமிருந்து ஷெல் அடித்த காலத்தில், நாங்கள் எல்லோரும் நிலத்தில் விழுந்து படுப்போம், இல்லையென்றால் பங்கருக்குள் இறங்குவோம். அவர் மட்டும் பனையோடு சாய்ந்து நிற்பார். ஷெல்லுக்கும் படுக்காத துரை என்று ஊர் அதைப் பெருமையாகச் சொன்னது. சின்னம்மா கத்துவா, "படடா, படடா" என்று. "நீங்கள் படுங்கோ அம்மா, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்பார். கலியாணமும் இல்லாமல், முப்பதுக்குள் நெஞ்சடைத்துப் போனார். வீரன் போய்விட்டான் என்றுதான் அழுதோம். அவர் படுத்தால் எழும்பமுடியாது என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் இதைச் சொல்ல, டொக்ரர் கேட்டுவிட்டு, நிறோஜனின் இருதயத்தையும் பார்க்கவேண்டும் என்று இன்னொரு துண்டு எழுதித் தந்தா. அதில் பிறகு பெரிய பழுது ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்று யூலிற்றா தலை நிமிரவில்லை. தன்னால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏனம்மா, மாமான்ரை நடை எனக்கு வந்திருக்கு. அவ்வளவுதானே" என்றான் நிறோஜன்.

ஊருக்கு வந்ததும் யூலிற்றா வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. கோவில் வாசலில் நின்று பெண்களுக்குச் சொன்னாள். "பெரிய மிசினிலை படம் எடுத்தது. என்ரை பிள்ளைக்குத் திமிர் இல்லை. காலுக்குள்ளை கொழுப்பு."

"அதைத்தானே நாங்களும் சொன்னனாங்கள்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வருத்தத்துக்கும் திமிருக்கும் ஒரே சொல்லாகப் போனால், பாவம், அவள் என்ன செய்வாள்? மாலைக்குள் கரை முழுவதும் கதை: நிறோஜனுக்குக் கொழுப்பென்று யாழ்ப்பாணத்து டொக்ரரே எழுதித் தந்துவிட்டாவாம்.

நிறோஜனுக்கு அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. "இனி விளங்கப்படுத்தப் போகாதேங்கோ அம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றான்.

ஸ்ரெல்லாவுக்கு அது நல்லாயில்லை. அடுத்த நாள் காபரேற்றர் ஒன்றோடு வந்தாள். அதில் ஒரு பழுதும் இருந்திருக்காது.

"என்ன கொழுப்பு?" என்று நேரே கேட்டாள்.

அவன் தகரத்தில் செருகியிருந்த பெரிய உறையை எடுத்து, படத்தை வெயிலுக்கு நேரே பிடித்தான். நான் இந்தப் பக்கம் பாரை ஒன்றைச் செதில் தட்டிக்கொண்டிருந்தேன். டொக்ரர் சொன்ன எல்லாவற்றையும் அவன் ஒரு என்ஜினைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னான். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவன் இருந்த மீன்பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை ஏன் இரண்டு, அந்த உயரம் ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும்.

"அப்ப, அப்பா வரேக்கை எழும்பாதது?"

"ஆள் பாக்கேக்கை எழும்பமாட்டன். எழும்புற விதத்தைக் கண்டால் சிரிப்பீர்."

"நான் சிரிப்பனோ?"

அவன் படத்தை உறைக்குள் வைத்தான். "அடுத்த வருசம் இன்னொரு படம். வெள்ளை ஓடேல்லை எண்டால், உம்மடை கொப்பரிட்டை வந்து கதைக்கிறன். ஓடிச்சுதெண்டால் வரமாட்டன். பிறகு ஏனெண்டு கேக்காதையும்."

அந்த ஒரு வருடம் எப்படிப் போனது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவன் தன் காலைத் தானே நம்பாமல் திரிந்தான். ஒரு நாள் நன்றாக நடந்தால் அன்றைக்கு முழுக்கப் பாட்டு. அடுத்த நாள் படலையடியில் தடக்குப்பட்டால் ஒருவரோடும் கதை இல்லை. ஸ்ரெல்லாவும் கால் எப்படி என்று கேட்கமாட்டாள். கேட்கக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம் மாதிரி. "என்ஜின் எப்பிடி?" என்பாள். "ஓடுது" என்பான். அவள் போன பிறகு சைக்கிள் போன தடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கு வந்த சம்பந்தம் ஒன்றை, மாப்பிள்ளையின் மீசை சரியில்லை என்று அவள் தட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளைக்கு மீசையே இல்லை என்று அன்ரன் கோபப்பட்டாராம்.

நான் ஒரு முறை நிறோஜனிடம் கேட்டேன், சுகம் வந்தால் முதலில் என்ன செய்வாய் என்று. கடலுக்குப் போவேன் என்று சொல்வான் என நினைத்தேன்.

"ஒருக்கால் முழங்காலிலை நிக்கவேணும் பெரியம்மா. சின்னனிலை, அப்பா இருந்த காலத்திலை, கோவிலிலை அவருக்குப் பக்கத்திலை நிண்டிருக்கிறன். எழும்பேக்கை முழங்காலிலை மணல் ஒட்டியிருக்கும். அதைக் கையாலை தட்டிப்போட்டு வெளியிலை ஓடுறது. அந்த மணலைத் தட்டுறதுதான் எனக்கு வேணும். வேறை ஒண்டும் இல்லை."

இரண்டாவது படத்துக்குத் தனியே போனான். வந்து இறங்கிய நேரம், ஸ்ரெல்லா என் வளவில் நின்றாள். கையில் சாமான் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாட்டுத் தேடவும் அவளுக்கு நேரமில்லை.

"ஓடிச்சுதோ?"

"ஓடேல்லை." அவன் பெட்டியில் இருக்கவில்லை, பூவரசைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டு படத்தையும் பக்கத்திலை வைச்சுக் காட்டினவா. கறுப்பாக் கிடந்த ஒரு இடத்திலை கொஞ்சம் வெள்ளை விழுந்திருக்கு. ஓடேல்லை, நடந்துதான் வருகுது எண்டு சொன்னவா."

"அப்ப அப்பாட்டை வாறீங்கள்."

அவன் பூவரசம் பட்டையை நகத்தால் சுரண்டினான்.

"ஓடேல்லை எண்டால் வாறன் எண்டு சொன்னீங்கள்."

"நடக்கிறதும் வந்து சேரத்தானே செய்யும் ஸ்ரெல்லா. எத்தினை வருசமெண்டு அவாவுக்கும் சொல்லத் தெரியேல்லை. சில்லுக் கதிரையிலை இருக்கப்போறவனுக்கு உம்மை எப்பிடிக் கேக்கிறது?"

"கேக்கிறது நீங்கள். தாறது அப்பா. வாறது நான். நீங்கள் ஏன் எல்லாற்றை வேலையையும் செய்யிறீங்கள்?"

சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். ஏறக்கூட இல்லை. அதன் பிறகு என்ஜின் சாமான் வேறு ஆள் கையில் வந்தது. அவன் கையில் ஒரு பிளக்கை வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பான், பார்த்தால் புதுப் பிளக்காக இருக்கும். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் நிமிர்ந்து பார்ப்பான். பிள்ளைகள் போவார்கள். திரும்பக் குனிவான்.

திருவிழா வந்தது. எனக்கு முழங்கால் மூட்டில் நோவு. கோவிலில் கதிரை போட்டு இருப்பேன். வயதுபோனவள் முழங்காலில் நிற்காவிட்டால் அதை ஒருவரும் கொழுப்பு என்று சொல்வதில்லை. எழுந்தேற்ற மணி அடித்தது. கோவில் முழுவதும், வெளியே பந்தலில் நின்ற சனமும், ஒரு அலை சரிகிற மாதிரி முழங்காலில் இறங்கியது. ஆண்கள் பக்கத்தில் பின்தூணோடு நிறோஜன் நின்றான், எப்போதும் போல.

பெண்கள் பக்கத்தில், எனக்கு முன்வரிசையில், ஒருத்தி நின்றாள்.

எனக்குக் கண் சரியில்லையோ என்று பார்த்தேன். ஸ்ரெல்லாதான். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நேரே பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இல்லை. அத்தனை முதுகுகளுக்கு மேலாக நிமிர்ந்து நின்றது அவர்கள் இரண்டு பேர்தான். பக்கத்திலிருந்த பெண் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. இரண்டாவது மணியும் அடித்து முடிந்தது. நிறோஜன் தூணிலிருந்து முதுகை எடுத்துவிட்டு, ஒன்றையும் பிடிக்காமல் நின்றான்.

பூசை முடிந்து எல்லோரும் முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். தட்ட மணல் இல்லாதவள் நேரே வந்தாள். அன்ரன் வாசலில் நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"உனக்கென்னடி? ஊர் பாக்க, ஆண்டவருக்கு முன்னாலை. கொழுப்போ?"

"ஓமப்பா" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் அதுதான்."

நிறோஜனின் காதிலும் அது விழுந்தது. யூலிற்றா அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் கையை மெல்ல எடுத்தான்.

அன்று பின்னேரம் நான் வளவு வாசலில் நின்றேன். நிறோஜன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, அந்தப் பெரிய உறையைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெருவில் இறங்கி அன்ரன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வயிறு முன்னுக்கு, நெஞ்சு நிமிர்ந்து, தோள் இரண்டு பக்கமும் ஆடியது. அதே நடை. மரியநேசன் அண்ணரே போகிற மாதிரி இருந்தது. எதிரே வந்த சனம் விலகி நின்று பார்த்தது.

அன்ரன் வீட்டு முற்றம் என் வாசலிலிருந்து தெரியும். அன்ரன் விறாந்தையில் இருந்தார். இவனைக் கண்டும் முகத்தைத் திருப்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஸ்ரெல்லா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து தகப்பனுக்கு முன்னால் வைத்தாள். திரும்ப உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்து, அதைப் பக்கத்தில் வைக்காமல், முதல் கதிரைக்குள்ளே இறக்கினாள். பிறகு அதற்கு மேலே மூன்றாவதையும் இறக்கினாள். கையால் உயரத்தை அளந்து பார்த்தாள். பிறகு படலையடிக்கு வந்து, அவன் வருகிற தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் இன்னும் பாதித் தெருவில்தான் இருந்தான்.